எண்ணெய் மிச்சமாகுமா? அளவை வழி ஒரு பாடம்

பிரிஞ்சாங்கில் காடி வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய்ச் செலவு சும்மா இல்லை. தாப்பாவுக்கு ஒரு தடவை இறங்கி ஏறினாலே முள் நன்றாகக் கீழே வந்துவிடும். இந்தக் கவலையை நம்பித்தான் சில கருவிகள் விற்கப்படுகின்றன. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கருவி, எண்ணெய்க் குழாயில் கட்டும் காந்தம், தண்ணீரைப் பிரித்து வாயு தரும் டப்பா என்று பல வகை. "முப்பது விழுக்காடு மிச்சம்"னு சொல்றாங்க. நம்பலாமா?

சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் முதலில் அளவையைப் பேசிவிட்டுத்தான் இறைவனைப் பற்றிப் பேசுகிறார். ஒன்றை உண்மை என்று அறிய நமக்குள்ள வழிகள் காட்சி, கருதல், உரை. இந்த மூன்றையும் இந்தக் கருவிகளின் மேல் வைத்துப் பார்ப்போம்.

1. காட்சி

கண்ணால் பார்ப்பதிலும் ஐயமும் திரிபும் உண்டு. கயிறு பாம்பாகத் தெரிவது அப்படித்தான். 1996-இல் ராஜபாளையம் அருகே இருந்து வந்த ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகை போட்டுப் பெட்ரோல் செய்வதாகச் சொன்னார். படித்தவர்கள் பலரும் பார்த்து வியந்தார்கள். கலக்கும் குழலுக்குள் எரிபொருள் ஒளிந்திருந்தது என்பது பிறகு வெளியானது. மூலிகை எரிபொருள் என்று விற்ற வழக்கில் 2016-இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

நம் மலையில் ஏமாற்ற ஆளே வேண்டாம், சாலையே போதும். கருவி இல்லாமல் மலை ஏறி, கருவியைச் செருகி இறங்கினால் பாதிக்கு மேல் மிச்சம் என்று தெரியும். அது கருவியின் வேலை இல்லை, இறக்கத்தின் வேலை. புதிதாகக் கருவி வாங்கியவர் காலை மெதுவாக அழுத்துவார். அதனாலும் கொஞ்சம் மிச்சமாகும்.

2. கருதல்

காரணம் கொண்டு யோசிப்பது இது. 1,000 கிலோ காடி ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏற, சுமார் 13.7 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், உயரம் ஏற மட்டுமே 1.7 லிட்டர் ஆகிவிடும்.

மீதி முக்கால் பங்கு எங்கே போகிறது? புகையிலும் ரேடியேட்டரிலும் வெப்பமாகப் போகிறது. "எண்ணெய் முழுசா எரியாததால்தான் வீண்"னு விற்பவர் சொல்வது சரியில்லை. இன்றைய இயந்திரத்தில் எண்ணெய் கிட்டத்தட்ட எல்லாமே எரிந்துவிடுகிறது. எரியாத அந்தச் சிறு பங்கையும் எரித்துவிட்டால்கூட முப்பது விழுக்காடு எப்படி வரும்?

பெட்ரோலைக் காந்தம் ஈர்ப்பதில்லை. தண்ணீரைப் பிரிக்கும் மின்சாரம் அதே இயந்திரம் சுற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வருகிறது. பிரிக்கச் செலவான ஆற்றல், அந்த வாயுவை எரித்தால் முழுதாகத் திரும்பாது. ஒரு பையில் பத்து வெள்ளி எடுத்து இன்னொரு பையில் எட்டு வெள்ளி போட்டால் லாபமா?

3. உரை

யார் சொன்னாலும் ஏற்பது உரை அல்ல. விஷயம் தெரிந்தவர், பொய் சொல்லத் தேவையில்லாதவர் சொல்வதே உரை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. குறிப்பிடத்தக்க அளவு எண்ணெய் மிச்சப்படுத்தும் கருவி ஒன்றும் அதில் இல்லை. விற்றால் கமிஷன் கிடைக்கும் ஒருவருடைய சொல்லுக்கு இந்தத் தகுதி கிடையாது.

இங்கேதான் நாம் கவனமாக இருக்கணும். "நீயும் ஏஜென்ட் ஆகு, ஆள் சேர்"னு கேட்டால் முதலில் யாரிடம் போவோம்? மாமா, சித்தப்பா, கோயிலில் பார்க்கும் அண்ணன்மார். அவர்கள் கருவியை நம்பி வாங்குவதில்லை, நம் முகத்தை நம்பி வாங்குகிறார்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அது. பணம் போனால் சம்பாதிக்கலாம். "சமய வகுப்புக்குப் போற பிள்ளை சொல்லிச்சு" என்ற நம்பிக்கை போனால் திரும்ப வராது.

செய்யக் கூடியவை

டயர் காற்றை மாதம் ஒருமுறை பாருங்கள். தேவையில்லாத சுமையை இறக்கி வையுங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடவே விடாதீர்கள். கியரில் இறங்கும்போது இன்றைய இயந்திரம் எண்ணெயைத் தானே நிறுத்திக்கொள்ளும், பிரேக்கும் சூடாகாது. நியூட்ரலில் விட்டால் எண்ணெயும் போகும், வளைவில் உயிருக்கும் ஆபத்து.

வகுப்பில் கலந்து பேச

1. ஒரு கருவியை நேர்மையாகச் சோதிக்க வேண்டும். அதே சாலை, அதே சுமை, பல தடவை ஏறி இறங்கணும். கருவி மாட்டியிருக்கா இல்லையா என்பது ஓட்டுபவருக்கு ஏன் தெரியக்கூடாது?
2. நண்பர் ஒருவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். அவர் மனம் நோகாமல் எப்படி எடுத்துச் சொல்வீர்கள்?
3. இதே மூன்று அளவைகளை வைத்து, உங்கள் கைப்பேசிக்கு வரும் ஒரு மருத்துவக் குறிப்பை ஆராய்ந்து அடுத்த வாரம் கொண்டு வாருங்கள்.