மரமும் ஈரமும்

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளும், ஆகாய கங்கை அருவியும் நம் நினைவுக்கு வரும். அங்கு வீடு கட்டி வாழ்வோர்க்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் மழைக்காலத்தில் மூடாமல் அடம்பிடிக்கும் கதவு.

கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்த இம்மலையில், மழை விட்ட பின்னும் மூடுபனி வீட்டிற்குள் புகும். கோடையில் காற்று வறளும். இதனால் மரம் பருப்பதும் சுருங்குவதுமாக இருக்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கிலேயே அதிகம். பலகை வளைவதும் இணைப்பு விடுவதும் இதனாலேயே. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பற்றி, மரம் உளுத்துப்போகவும் கூடும்.

பூச்சு ஈரத்தை அறவே தடுக்கும் என்பது தவறான எண்ணம். அது ஈரத்தின் போக்குவரவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. அரக்கு பாலிஷ் பார்வைக்கு அழகானது. ஆயினும் நீர் தேங்கினால் வெளுத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் மரத்தில் ஊறும், புதுப்பிப்பது எளிது, ஆனால் காற்றின் ஈரத்தை அதிகம் தடுக்காது. பாலியூரித்தேன் வார்னிஷ் கெட்டியான படலமாகி நெடுநாள் உழைக்கும்.

எப்பூச்சாயினும் மூன்று விதிகள் உண்டு. முதலாவது, மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். எனவே கோடையே தக்க காலம். இரண்டாவது, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மூன்றாவதே முக்கியமானது: எல்லாப் பக்கங்களிலும் பூச வேண்டும். நாம் கதவின் முகத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, அடிவிளிம்பையும் மேல்விளிம்பையும் மறந்துவிடுகிறோம். குறுக்கே அறுத்த முனைகளே ஈரத்தை விரைவாக உறிஞ்சும் வாய்கள். நிலையின் சுவரோடு ஒட்டும் பக்கத்தையும் பொருத்துவதற்கு முன்பே பூசிவிட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுவதே நன்று.

ஒரு கதவு வீணானால் மற்றொரு மரம் வீழ வேண்டும். பல்லாண்டு வளர்ந்து பழம் தந்த பலா, ஓர் அடிவிளிம்பில் நாம் காட்டிய அசட்டையால் அழிவது முறையாகுமா? கண்ணுக்குத் தெரியாத பக்கத்தையும் காப்பதே உண்மையான காப்பு என்பதை நாம் உணர வேண்டும்.