முதல் வேலை இரவே முடிவாகட்டும்

தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் வட்டாரக் கிராமங்களுக்கு விடிந்தும் விடியாததுமாக வேன் வந்துவிடும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள் சோறு வடித்து, தூக்குவாளியில் அடைத்து, மகளுக்குச் சடை பின்னிவிட்டு முக்கில் வந்து நிற்பார்கள். கட்டை அடுக்கினாலும் பெட்டி ஒட்டினாலும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. உற்சாகம் வரட்டும், பிறகு கிளம்பலாம் என்று அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அதற்காக வயிற்றுப்பாட்டின் நெருக்கடிக்கு மனஉறுதி என்று பெயர் வைத்துக் கொண்டாடிவிடவும் கூடாது. ஒன்றை மட்டும் அவர்களிடம் கவனிக்கலாம்: காலையில் முதலில் என்ன செய்வது என்ற யோசனைக்கே அவர்களுக்கு இடமில்லை.

இதே தென்காசி மாவட்டத்தில் ஆய்க்குடி இருக்கிறது. அந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரி 10 அன்று பெங்களூரில் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொண்டார். அந்தத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. 1981இல், ஐ.நா. மாற்றுத்திறனாளிகளுக்கென அறிவித்த ஆண்டில், தனக்குச் சிகிச்சையளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மேடைகளில் அவர் கதையைச் சொல்லும்போது 1975இலிருந்து 1981க்கு ஒரே மூச்சில் தாவிவிடுகிறோம். நடுவில் ஆறு வருடக் காலைகள் இருக்கின்றன.

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவரின் காலை எளிதல்ல. உணர்ச்சி இல்லாததால் புண் வலித்துக் காட்டிக்கொடுக்காது, கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடுப்பு, புட்டம், குதிகால் எல்லாம் சிவந்திருக்கிறதா, அழுத்தம் நீங்கியும் சிவப்பு மறையாமல் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். ஒருநாள் அசட்டையாக விட்டால் படுக்கைப்புண் மாதக்கணக்கில் ஆளை முடக்கிப்போடும். குளியல், சிறுநீர்க்குழாய், சக்கர நாற்காலிக்கு மாறுவது என எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் அவருடைய நாள் தொடங்குகிறது. அப்படிப்பட்ட ஒருவர் தன்னைப்போல் முடங்கிய பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று நினைத்தாரே, அங்கேதான் எனக்குப் பாடம் கிடைத்தது. எழுந்து வருவதற்கு எதிரே ஒரு பிள்ளை காத்திருந்தால் போதும். பின்னாளில் தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமனும் அந்தப் பணியில் வந்து சேர்ந்தார்.

ஆகவே "இன்று நான் சாதிப்பேன்" என்று கண்ணாடி முன் சொல்லிக்கொள்வதைவிட, இன்று என் வேலைக்காகக் காத்திருப்பவர் யார் என்று கேட்டுக்கொள்வது பலன் தரும். பதிலில் ஓர் ஆளின் பெயர் வர வேண்டும். அடுத்து, அந்த வேலையை எங்கே, எத்தனை மணிக்கு, எதை முடித்த கையோடு தொடங்குவது என்று முந்தின இரவே எழுதிவிட வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் இதை விரிவாக எழுதினார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டி முடிவு செய்தவர்கள் நினைத்ததை அதிகம் முடித்திருந்தார்கள்.

கரிசல் சம்சாரிக்கு இப்படி முன்கூட்டி முடிவு செய்வது புதிதல்ல. குற்றாலத்தில் ஆனி ஆடியில் சாரல் கொட்டும்போது திருவேங்கடம் காய்ந்து கிடக்கும். இங்கே மானாவாரிக்கு ஐப்பசி மழைதான் கதி. அதை நம்பிப் புரட்டாசியிலேயே புழுதியில் மக்காச்சோளமோ உளுந்தோ விதைப்பார்கள். முளைத்தது கருகினால் மறுவிதைப்பு. மழை ரொம்பவும் பிந்திவிட்டால் கொத்தமல்லி, கொண்டைக்கடலை.

இதைப் பார்த்தே என் இரவுக் குறிப்பில் இரண்டாவது வரி ஒன்று சேர்ந்தது: கரண்ட் போனால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அதே வேலையின் எந்தச் சின்னப் பகுதியைக் கால் மணி நேரத்தில் முடிக்கலாம் என்பது. கெட்ட நாட்களில் அந்த வரியை மட்டும்தான் பார்க்கிறேன்.