ஆட்டமும் ஊர்சுற்றலும் ஒரே பயணத்தில்!

குலசையிலிருந்து முதன்முறை கடல் தாண்டும் தம்பதியில் ஒருவருக்குக் கிரிக்கெட், மற்றவருக்கு ஊர்சுற்றல் பிடிக்குமென்றால், இலங்கையின் காலி நகரே பொருத்தம்.

1. டெஸ்ட் தேதியைப் பார்த்தபின் டிக்கெட் எடுங்கள். அட்டவணை நமக்காக மாறாது.

2. குலசையின் தசரா நாட்களைத் தவிருங்கள். அந்தக் கூட்டத்தில் ஊரைவிட்டு வண்டி கிளம்பாது.

3. பாஸ்போர்ட் இலங்கை சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுமா என்று பாருங்கள். இல்லையேல் விமான நிலையத்தோடு பயணம் முடியும்.

4. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறுங்கள். சென்னை அலைச்சல் மிச்சம்.

5. கொழும்பிலிருந்து காலிக்குப் போய், காலிக் கோட்டைக்குள் தங்குங்கள். மைதானம் மதிலுக்கு அருகிலேயே இருக்கிறது. ஆட்டம் சலித்தவர் மதில்மேல் நடந்து கடலைப் பார்க்கலாம்.

‘ஒரே ஊருக்கா இவ்வளவு செலவு?’ எனலாம். ஐந்து ஊர் ஓடினால் பாதிப் பயணம் பஸ்ஸிலேயே கழியும், ஆட்டமும் நழுவும்.