பணியிடக் கூடல்கள்: பங்கேற்பும் உரிமைகளும்

அலுவலகக் காலைத் தேநீருக்கான அறிவிப்பில் 'பிரிங் எ பிளேட்' என்றிருப்பதைக் கண்டு வெறுந்தட்டுடன் சென்றவரின் கதை, ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்தோரிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பலரும் பகிர்ந்துண்ண ஒரு தட்டு உணவு கொண்டுவருமாறு வேண்டுவதே அத்தொடரின் பொருள். உழுந்து வடையே போதுமானது. அதில் சேர்ந்துள்ள பொருட்களை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அருகில் வைத்தல் ஒவ்வாமை உடையோருக்கு உதவும்.

பங்கேற்பதன் பயன்

கொடுத்த வேலையைச் செவ்வனே செய்தால் போதும் என்று கருதுவோர் பலர். எனினும், எப்பிரிவில் வெற்றிடம் ஏற்படவுள்ளது, எந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்பன பெரும்பாலும் தேநீர் அறையிலேயே முதலில் பேசப்படுகின்றன. இந்நாட்டில் புதிய வேலைக்கு விண்ணப்பிப்பவர், தம்மை அறிந்த 'ரெஃபரி'களின் பெயர்களைத் தர வேண்டியிருப்பது வழக்கம். எவருடனும் பழகாதவருக்கு அவ்வேளையில் துணைநிற்போர் அரியர்.

மெல்பர்னில் வழக்கமானவை

காற்பந்துப் பருவத்தில் வாரந்தோறும் வெல்லும் அணியை ஊகிக்கும் 'ஃபுட்டி டிப்பிங்', நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை நடைபெறும் மெல்பர்ன் கோப்பைக்காகக் குதிரைகளைச் சீட்டுக் குலுக்கிப் பகிரும் 'ஸ்வீப்', வெள்ளி மாலைப் பானக்கூடல் ஆகியன பரவலானவை. பணம் வைத்தாடுவதையும் மது அருந்துவதையும் விரும்பாதவர் "நன்றி, வேண்டாம்" என்று கூறினால் போதும், காரணம் கூறவேண்டியதில்லை. ஒருவர் மாறி ஒருவர் அனைவருக்கும் பானம் வாங்கும் முறை 'ஷவுட்' எனப்படும். அதில் சேர விரும்பாதவர், முதற்சுற்றுக்கு முன்னரே தமக்குரியதைத் தாமே வாங்குவதாகத் தெரிவித்தல் முறை.

சட்டம் கூறுவது

கேளிக்கைக் கழகச் சந்தாவைச் சம்பளத்திலிருந்து கழிப்பதற்குப் பணியாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அச்சம்மதத்தை அவர் எவ்வேளையிலும் எழுத்துமூலம் மீளப்பெறலாம். இது 2009ஆம் ஆண்டின் ஃபெயார் வேர்க் சட்டத்தின் ஏற்பாடாகும்.

நிகழ்வுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று முகாமையாளர் பணித்தால், அந்நேரம் பொதுவாக வேலை நேரமாகவே கருதப்படும். ஊதியம் பற்றி முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

நத்தார் விருந்து உணவகத்தில் நடந்தாலும், அங்கு நிகழும் பாலியல் தொந்தரவு வேலையுடன் தொடர்புடையதாகக் கொள்ளப்படலாம். 2023 மார்ச் 6 முதல் அச்சட்டமும் இதனை நேரடியாகத் தடைசெய்கிறது. ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவிடமோ ஆஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். 24 மாதங்களுக்குள் முறையிடுதல் முக்கியம். இத்தடை எல்லோரையும் கட்டுப்படுத்தும். விருந்தில் வேடிக்கையாகப் பேசியதே என்பது தப்பிக்கும் வழியாகாது.

உதவி பெற

131 450 என்ற எண்ணில் டிஐஎஸ் நேஷனல் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்த்துரைப்பாளரைக் கேட்கலாம். அவர் ஊடாக, 13 13 94 என்ற எண்ணில் ஃபெயார் வேர்க் ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துடன் உரையாடி, ஊதியம், சம்பளக் கழிவு ஆகியன குறித்து விளக்கம் பெறலாம்.