நூலைத் தாங்கும் பலகை

(இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

நூல்களைப் படிக்கும் முறையைச் சொல்லித்தர நமக்கு ஆசிரியர்கள் உண்டு. படித்த நூல்களை அடுக்கி வைக்கும் முறையைச் சொல்லுவார் அரியர். "இதிலென்ன கலை இருக்கிறது? அலமாரியில் இடமிருந்தால் வைக்க வேண்டியதுதானே!" என்று நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் ஒரு நாள் மாலையில் தகர்ந்து போயிற்று.

எங்கள் தெருவில் இளைஞர்கள் நடத்தும் சிறு படிப்பகம் ஒன்று உண்டு. போட்டித் தேர்வு எழுதுவோரும் தறியிலிருந்து திரும்புவோரும் அங்கு வந்து படிப்பார்கள். புதிதாக வாங்கிய அலமாரியில் நூல்களை அடுக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அழகாக இருக்கட்டுமென்று, தடித்த அகராதிகளையும் கட்டடம் செய்த பெருந்தொகுதிகளையும் பலகையின் நடுவில் நிறுத்தி, இருபுறமும் சிறிய நூல்களை இறங்குவரிசையில் வைத்தேன். பார்ப்பதற்குக் கோபுரம் போலவே இருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

ஓராண்டில் பலகை தொட்டில் போல் தொய்ந்தது. பிறகு ஒரு மாலையில் அதன் முனை தாங்கியிலிருந்து நழுவ, நூல்கள் யாவும் சரிந்து விழுந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் பயன்படுத்திவிட்டு எங்களுக்கு அளித்த அகராதி முதுகு பிளந்து கிடந்தது. அவர் வந்து பார்த்தார், கோபிக்கவில்லை. "அடுக்கும்போது பௌதிகம் எங்கே போச்சு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த விடை

இயற்பியல் மாணவர் அனைவரும் செய்யும் ஆய்வு ஒன்றுண்டு. மீட்டர் அளவுகோலை இரு கத்திமுனைகளின் மேல் கிடத்தி, நடுவில் எடைகளைத் தொங்கவிட்டு, அதன் தாழ்வை நுண்ணோக்கியால் அளந்து, மரத்தின் யங் குணகத்தைக் கணக்கிடுகிறோம். அளவுகோலின் அகலத்தை வெர்னியர் அளவியாலும், கனத்தை அதைவிட நுட்பமான திருகு அளவியாலும் அளக்கிறோம். ஏன் இந்த வேறுபாடு? சூத்திரத்தில் அகலம் ஒருமுறை வருகிறது. கனமோ மும்மடியாக வருகிறது. பதிவேட்டில் பலமுறை எழுதிய இந்த உண்மை அலமாரிக்கும் பொருந்தும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை!

அலமாரித் தட்டும் இரு முனைகளில் தாங்கப்பட்ட அளவுகோல்தான். பலகையின் கனத்தை இருமடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். வரிசை முழுவதும் ஒரே சீராக நூல்களை நிரப்பும்போது, தொய்வு நீளத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. எனவே நீளத்தை இருமடங்காக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனமுள்ள மரத்தூள் பலகை (பார்ட்டிகிள் போர்டு என்பார்கள்) ஒன்று. நூல்களின் எடை மீட்டருக்கு 30 கிலோ என்று கொள்வோம். இப்பலகையின் யங் குணகம் ஏறத்தாழ 2.5 ஜிகா பாஸ்கல். தொய்வு 8 மி.மீ. அளவுக்கு வருகிறது. நல்ல தேக்குப் பலகையாயின் குணகம் ஏறத்தாழ நான்கு மடங்கு. தொய்வு 2 மி.மீ.தான். தேக்கு வாங்க வசதியில்லையா? அதே மரத்தூள் பலகையை 60 செ.மீ. நீளமாகக் குறைத்தாலே தொய்வு 1.6 மி.மீ. ஆகிவிடுகிறது!

இவை முதல் நாள் கணக்கு. மரம் எஃகு போன்றதன்று. சுமை ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது மெல்ல மெல்லத் தளர்ந்து, முதல் நாள் தொய்வைப் போல் இருமடங்கும் அதற்கு மேலும் தாழும். ஈரம் பட்டால் இன்னும் விரைவாகத் தாழும். பலகை வளைய வளைய அதன் முனைகள் உள்நோக்கி நகர்கின்றன. எங்கள் பலகை நழுவியதன் காரணம் இதுவே.

என் கோபுர அடுக்கின் பிழையும் விளங்கியது. ஒரே சுமையைப் பரப்பி வைக்காமல் முழுவதையும் நட்ட நடுவில் வைத்தால் தொய்வு 1.6 மடங்காகும். நான் முழுச் சுமையையும் நடுவில் வைக்கவில்லை. ஆனால் அந்தத் திசையில்தான் போயிருந்தேன்.

கோயில் மண்டபம் காட்டும் வழி

நம் ஊர்ச் சங்கரநாராயணர் கோயில் மண்டபத்தில் நின்று ஒருமுறை மேலே பாருங்கள். தூண்கள் நெருங்கி நிற்கின்றன. தூணின் தலையிலிருந்து போதிகைகள் இருபுறமும் கை நீட்டி உத்திரத்தை ஏந்துகின்றன. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே தாங்கலற்ற நீளத்தைக் குறைத்தார்கள் நம் சிற்பிகள். நடுவில் ஒரு தாங்குகட்டை கொடுத்தால் நம் அலமாரியும் அவ்வழியில் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு. அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து அழுத்துங்கள், வளையும். செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள், அசையாது. அதுபோல 18 மி.மீ. கனமும் 40 மி.மீ. உயரமும் உள்ள தேக்கு ரீப்பரைப் பலகையின் முன்விளிம்புக்கு அடியில் செங்குத்தாகப் பொருத்தினால், அந்தச் சிறு கட்டை மட்டுமே மேற்சொன்ன மரத்தூள் பலகையைப் போல் மூன்று மடங்கு விறைப்பைத் தரும்.

அடுக்கும் முறை

1. கனமான நூல்களை அடித்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டுகளில் வைக்க நேர்ந்தால் முனைகளின் அருகே வைத்து, நடுவில் மெல்லிய நூல்களை நிறுத்த வேண்டும்.

2. நூலை நேராக நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றால் கட்டடம் தளரும். மிகப் பெரிய தொகுதிகளை அடித்தட்டில் படுக்க வைப்பதே நன்று.

3. ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை வைத்தால் சுமை இருமடங்காகும் என்பதை மறத்தலாகாது.

4. ஆண்டுக்கொரு முறை நூல்களை இறக்கிப் பலகையைத் திருப்பிப் போட வேண்டும். புற்றுமண்ணையே பிரசாதமாகத் தரும் ஊர் நம் ஊர். கரையான் வந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

5. பலகையின் முனைக்கு முனை ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நடுவிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 90 செ.மீ. பலகையில் அது 3 மி.மீ.க்கு மேற்பட்டால் நான் சுமையைக் குறைத்துவிடுகிறேன். நெசவு நடக்கும் ஊரில் நூலுக்கா பஞ்சம்?

நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகும் முன் கணித ஆசிரியராக இருந்தவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதை உணர்த்துகிறது. வளர்வதென்றால் சுமையும் வளரும். நாளை வரும் நூலையும் எண்ணியே இன்று பலகை இட வேண்டும்.

எங்கள் படிப்பக அலமாரியில் இப்போது நடுவில் தாங்குகட்டை நிற்கிறது. புதுக் கட்டடம் செய்த அகராதி அடித்தட்டின் முனையில் இருக்கிறது. ஆசிரியரை அழைத்துக் காட்டினேன். அவர் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, "இப்ப பௌதிகம் தெரியுது" என்றார். தேர்வில் பெற்ற எந்த மதிப்பெண்ணும் எனக்கு அத்தனை மகிழ்ச்சி தந்ததில்லை. ஆய்வுக்கூடத்தில் கற்பதை வீட்டுக்கும் வீதிக்கும் கொண்டு செல்வோமாக!