பிஷ்பைண்டர் திரையில் புள்ளியும் கோடும்: கருவியை விற்குமுன் பாருங்கள்

மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டது. 1990 யூனில் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் 27 ஆண்டுகளின் பின் அந்தக் கரையில் மீண்டும் கால்வைத்தன. மயிலிட்டியிலோ வலிகாமம் வடக்கின் வேறு கரையிலோ தொழிலை மறுபடி தொடங்கும் உங்களுக்கு ஒரு சிரமம் இருக்கிறது. எங்கே முருகைக்கல், எங்கே மணல் என்று கடலடியை மனக்கணக்கில் வைத்திருந்த பெரியவர்கள் பலர் இன்று இல்லை. பிள்ளைகளோ வேறு கரைகளில் தொழில் பழகியவர்கள். ஆகவே உதவித் தொகையிலோ கடனிலோ ஒரு பிஷ்பைண்டர் வாங்கி வள்ளத்தில் பூட்டுகிறீர்கள்.

சில நாட்களில் திரை முழுக்கப் புள்ளிகள், சரிந்த கோடுகள். ஆழம் 5 பாகம் என்று காட்டி, அடுத்த கணம் 40 என்கிறது. “கருவி பழுது” என்று யாரோ சொல்ல, அது அரை விலைக்குப் போகிறது. அவசரப்பட வேண்டாம். பல வேளைகளில் பழுது கருவியில் இல்லை. வள்ளத்தின் மின் வயர்களில்தான் இருக்கிறது.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. வள்ளத்தின் பின்பக்கம் பூட்டிய உணரி தண்ணீருக்குள் ஒலியை அனுப்புகிறது. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறக்குறைய 1500 மீற்றர் ஓடும். 10 பாக ஆழத்தில், அதாவது சுமார் 18 மீற்றரில், எதிரொலி திரும்பிவர ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்குதான் எடுக்கும். திரும்பி வருவது மிக மெல்லிய ஒலி. அதை உணரி மின்சாரமாக மாற்றி வயர் வழியே அனுப்பும்போது, பக்கத்து வயரிலிருந்து வரும் சிறு இரைச்சலும் அதனுடன் கலந்துவிடும். அதைத்தான் திரை மீன் போலக் காட்டுகிறது.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் செலவு இல்லை. ஆழம் தெரிந்த அமைதியான இடத்தில் வள்ளத்தை நங்கூரமிடுங்கள். இயந்திரம், விளக்கு, ஜீ.பி.எஸ், றேடியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். விளக்கையும் சார்ஜரையும் சுவிச்சில் நிறுத்தினால் போதாது, பற்றரியிலிருந்தே கழற்றுங்கள். இப்போது பிஷ்பைண்டரை மட்டும் போடுங்கள். திரை தெளிவாக இருந்தால் கருவி நல்லது. தெளியாவிட்டால் பக்கத்து வள்ளக்காரரிடம் ஒரு நல்ல 12 வோல்ட் பற்றரி கேட்டு, கருவியை நேரே அதில் இணைத்துப் பாருங்கள். அதிலும் தெளியாவிட்டால்தான் உத்தரவாத அட்டையுடன் கடைக்குப் போகவேண்டும்.

தெளிந்த திரையை வைத்துக்கொண்டு, கழற்றியவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் பொறுங்கள். எதைப் போட்டதும் புள்ளி எழுகிறதோ அதுதான் காரணம். மலிவான எல்.ஈ.டி விளக்குகளும் போன் சார்ஜர்களும் அடிக்கடி இப்படி அகப்படும். ஒரு சிறு சார்ஜருக்காகக் கருவியை விற்றுவிடாதீர்கள்.

கடைசியாக வெளியிணைப்பு இயந்திரம். அதை இயக்கி, கியரைப் போடாமல் வேகத்தைக் கூட்டுங்கள். வள்ளம் நின்ற இடத்திலேயே வேகத்துடன் கோடுகளும் கூடினால் அது மின் இரைச்சல். பிளக்கிலிருந்தோ பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் பகுதியிலிருந்தோ வருகிறது. நிற்கும்போது தெளிவாக இருந்து, ஓடும்போது மட்டும் குழம்பினால் அது மின்சாரப் பிரச்சினையே அல்ல. உணரியின் முகத்தில் நீர்க்குமிழி படிகிறது. உணரியைச் சற்றுக் கீழே இறக்கி, காற்றாடியிலிருந்து தள்ளிப் பூட்டுங்கள். இந்த இரண்டையும் பிரித்தறியாமல்தான் பலர் வயரை மாற்றி மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள்.

பிளக்கில் இரைச்சலைத் தடுக்கும் வகை உண்டு. என்.ஜி.கே பிளக்குகளில் குறியெழுத்துகளுக்கிடையே ஆங்கில ‘ஆர்’ இருந்தால் அந்த வகை. உங்கள் இயந்திரத்தின் கைநூல் அனுமதிக்கும் பிளக்கையே போடுங்கள்.

வயரிங்குக்கு வருவோம். பிஷ்பைண்டருக்குப் பற்றரியிலிருந்து நேரே தனி வயர்ச் சோடி, அதற்குத் தனிப் பியூஸ். விளக்கு வயரிலிருந்து கிளை எடுக்க வேண்டாம். அந்தச் சோடியை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். உணரியின் வயரை இயந்திர வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் வள்ளத்தின் மறுபக்கமாகக் கொண்டுவாருங்கள். அது நீளமாக இருக்கிறதென்று ஒருபோதும் வெட்டாதீர்கள். வெட்டி ஒட்டிய இடத்தில் உப்புநீரும் இரைச்சலும் புகும். பற்றரி முனைகளில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டிக் கிறீஸ் பூசுங்கள். பழைய கணினி வயர்களில் தடித்த கறுப்பு உருளை ஒன்று இருக்கும். திறந்து பூட்டக்கூடிய வகை கிடைத்தால் கருவியின் மின்வயரில் மாட்டிப் பாருங்கள், ஓரளவு உதவும். வயரில் கைவைக்குமுன் பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும்.

கையால் இழுத்து இயக்கும் சிறிய இயந்திரங்கள் பல பற்றரிக்குச் சார்ஜ் கொடுப்பதில்லை. பற்றரியின் வோல்ட் மிகவும் இறங்கினால் திரை தானாக அணைந்து எரியும். இதையும் பழுதென்று நினைப்பவர்கள் உண்டு.

பக்கத்து வள்ளத்திலும் பிஷ்பைண்டர் இருந்தால், அது விலகும்வரை உங்கள் திரையில் கோடுகள் வரலாம். ஒன்றும் செய்யத் தேவையில்லை.

எல்லாம் சரிசெய்த பின்பும் முதல் சில நாட்கள் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, திரை சொல்லும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். முக்கியமாக, முருகைக்கல் உள்ள கரையோரத்தில் இருட்டில் திரும்பி வருமுன்.