அந்தச் சிவப்புப் புள்ளி கேட்டை இல்ல

போன மே மாசம் பாட்டி வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து விருச்சிகத்தைப் படம் எடுத்தேன். கேமரா மாமாவோடது. 2005 வாக்குல வாங்கின 6 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், உள்ளே சிசிடி சென்சார். ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 4 நிமிஷம். காலேஜ் திறந்ததும் அஸ்ட்ரானமி கிளப்ல அதை ப்ரொஜெக்டர்ல போட்டு, பளிச்னு தெரிஞ்ச ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, "இதுதான் கேட்டை நட்சத்திரம், அன்டாரிஸ்"னு பெருமையா விளக்கிட்டு இருந்தேன். கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி கேட்டான்: "அண்ணா, மத்ததெல்லாம் குட்டிக் கோடா இருக்கே, இது மட்டும் ஏன் புள்ளியா இருக்கு?"

என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்கு ராத்திரிதான் உட்கார்ந்து படிச்சேன்.

வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுத்துது. 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. கேமரா ட்ரைபாட்ல அசையாம நின்னா, நட்சத்திரம் கண்டிப்பா கோடு போடணும். துருவ நட்சத்திரப் பக்கம் மட்டும் கோடு ரொம்பச் சின்னதா இருக்கும், ஆனா நான் பார்த்தது தெற்கு. அப்போ அந்தப் புள்ளி வானத்துலேர்ந்து வரவே இல்ல. கேமராவுக்குள்ளயே பிறந்தது.

எப்படின்னா, ஒளி சிலிக்கான்ல பட்டா எலக்ட்ரான் விடுபடும். பிக்சல் அதைச் சேர்த்து வெச்சு எண்ணும். பிரச்சினை என்னன்னா, வெப்பமும் எலக்ட்ரானை விடுவிக்கும். எது நட்சத்திரம் தந்தது, எது சூடு தந்ததுன்னு பிக்சலுக்குத் தெரியாது. இந்தச் சூட்டுக் கணக்குக்குப் பேர் டார்க் கரன்ட். பகல்ல 1/500 செகண்ட்ல எடுக்கும்போது இது சேர நேரமே இல்ல. 4 நிமிஷம் திறந்து வெச்சா சொட்டுச் சொட்டா நிரம்பும். சிலிக்கான்ல சின்னக் குறை இருக்கிற பிக்சல்கள் மத்ததைவிட வேகமா நிரம்பும். அதுதான் ஹாட் பிக்சல். ஒவ்வொரு பிக்சல் மேலயும் சிவப்பு, பச்சை, நீலம்னு ஏதாவது ஒரு ஃபில்டர்தான் இருக்கும். அதனால சிவப்பு ஃபில்டருக்குக் கீழே இருக்கிற பிக்சல் பழுதானா, படத்துல அசல் சிவப்பு நட்சத்திரம் மாதிரியே உட்காரும். நான் ஏமாந்தது இங்கதான்.

ஏன் மே மாசம்? டிசம்பர்ல அதே மாடியில, அதே செட்டிங்ல எடுத்த படம் ஓரளவு சுத்தமா இருந்துச்சு. டார்க் கரன்ட் சுமார் 6, 8 டிகிரி ஏறினாலே இரண்டு மடங்கு ஆயிடும். டிசம்பர் விடியற்காலை 20 டிகிரி, மே ராத்திரி 31 டிகிரின்னு வெச்சுக்கோங்க. கிட்டத்தட்ட மூணு மடங்கு. பெரிய தொலைநோக்கிகள்ல சிசிடியைத் திரவ நைட்ரஜன் ஊத்தி மைனஸ் 100 டிகிரி அளவுக்குக் குளிர வைக்கிறது இதுக்காகத்தான். எங்க மொட்டை மாடியில இருந்தது ஒரு செம்பு பானைத் தண்ணி.

படத்தோட மூலையில ஊதா நிறத்துல ஒரு வெளிச்சமும் பரவியிருந்துச்சு. ஊர்த் தெருவிளக்குன்னு நினைச்சேன். இல்லையாம். சிசிடியில எல்லா பிக்சலோட கணக்கும் சென்சார் ஓரத்துல இருக்கிற ஆம்ப்ளிஃபயர் வழியாத்தான் வெளியே போகும். அது கரன்ட்ல இருக்கிறவரைக்கும் லேசா அகச்சிவப்பு ஒளி விடும். பக்கத்துல இருக்கிற பிக்சல்கள் அதையும் சேர்த்து எண்ணிடும்.

இதையெல்லாம் சரி பண்ணலாம், ஏன்னா ஹாட் பிக்சலும் அந்த ஊதா வெளிச்சமும் இடம் மாறாது. லென்ஸ் மூடியைப் போட்டு, வ்யூஃபைண்டரையும் மறைச்சு, அதே ஐஎஸ்ஓ, அதே 4 நிமிஷம் வெச்சு ஒரு கறுப்புப் படம் எடுக்கணும். அதுல வர்றது சூட்டுக் கணக்கு மட்டும். நிஜப் படத்துலேர்ந்து அதைக் கழிச்சா போதும். கேமராவுல 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்'னு இருக்கிறதும் இதேதான். ஒவ்வொரு படத்துக்கும் அப்புறம் இன்னொரு 4 நிமிஷம் கேமரா கப்சிப்னு இருக்கும். முதல் தடவை ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு நான் பேட்டரியையே உருவிட்டேன்.

நல்லவேளை, மே மாசப் படம் ரா ஃபைலா இருந்துச்சு. ஜேபெக்ல இந்தக் கழித்தல் ஒழுங்கா வராது. லேப்ல உட்கார்ந்து கறுப்புப் படம் எடுத்துக் கழிச்சேன். பாதி புள்ளி அப்படியே நின்னுச்சு. காரணம் ஏசி. 24 டிகிரியில எடுத்த கறுப்புப் படத்துல சூட்டுக் கணக்கு பாதிதான் இருக்கும். எங்க ஹாஸ்டல் ரூமுக்கு ஏசி கிடையாது. நாலு வருஷத்துல முதல் தடவையா அது பிரயோஜனப்பட்டுச்சு. அங்க 16 படம், மொத்தம் 64 நிமிஷம். ஒரே ஒரு கறுப்புப் படத்தைக் கழிச்சா அதோட சொந்த நாய்ஸும் கூட வந்து ஒட்டிக்கும். 16-ஐச் சராசரி எடுத்தா அந்த ஒட்டல் நாலுல ஒரு பங்காக் குறையும்.

ஆனா எல்லாம் கழியாது. ஒரு பிக்சல்ல சூட்டால 10,000 எலக்ட்ரான் சேர்ந்தா, அது ஒவ்வொரு தடவையும் சுமார் 100 கூடக்குறைய ஆடும். வர்க்கமூலக் கணக்கு. 10,000-ஐக் கழிக்கலாம், அந்த ஆட்டத்தைக் கழிக்க முடியாது. முழுசா நிரம்பி வழிஞ்ச பிக்சல்னா அதுக்கடியில நட்சத்திரம் இருந்ததா இல்லையான்னே சொல்ல முடியாது. அங்க ஆப்போட ஸ்லைடரை இழுத்தா படம் வழவழன்னு ஆகும், மங்கலான நிஜ நட்சத்திரமும் சேர்ந்து காணாமப் போகும். டிசம்பர் படத்தை நான் அப்படித்தான் கெடுத்து வெச்சிருக்கேன்.

இப்போ நான் 4 நிமிஷத்தை எட்டு 30 செகண்டாப் பிரிச்சு எடுக்கறேன். நட்சத்திரங்களை ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தினா, எல்லாம் தலைகீழாயிடுது: நட்சத்திரம் புள்ளி, ஹாட் பிக்சல் இடம் மாறிட்டே போகும். எட்டுக்கும் மீடியன் எடுத்தா அது தானா விழுந்துடும். விலை உண்டு. சென்சாரைப் படிக்கும்போது வர்ற நாய்ஸ் ஒரு தடவைக்குப் பதிலா எட்டு தடவை சேரும், மொத்தத்துல சுமார் 2.8 மடங்கு. பழைய கேமராவுல இது கொஞ்சம் கடிக்கும்.

கேட்டை அந்த மே மாசப் படத்துலயே இருந்துச்சு. தென்னை ஓலைக்குப் பக்கத்துல, ஆரஞ்சு நிறத்துல ஒரு குட்டிக் கோடு. தம்பிதான் கண்டுபிடிச்சுக் காட்டினான்.